உயர்ரக கிராஃபிங் கால்குலேட்டர்: எந்த மேசைக்கு எது?

கணிதம் அதிகம் தெரிந்த கால்குலேட்டர்களுக்குப் பெரும்பாலான தேர்வு அறைகளில் இடமில்லை. தேர்வு அறைக்குள் விடப்படுபவை அவற்றைவிட ஒரு படி குறைந்தவை. விலையில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அமெரிக்காவில் இரு வகையும் ஏறத்தாழ 100 முதல் 170 டாலருக்குள் கிடைக்கின்றன. அதனால் ‘இருப்பதிலேயே உயர்ந்தது எது?’ என்று கேட்டுக்கொண்டு வாங்கப் போகிறவர் தனக்கு உதவாத ஒன்றை வாங்கி வந்துவிட வாய்ப்பு அதிகம். யார், எந்த மேசையில், எத்தனை வருடம் பயன்படுத்தப் போகிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கருவியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிளஸ் டூ வரை மடக்கை அட்டவணை. பொறியியல் கல்லூரியில் கேசியோ எஃப்எக்ஸ்-991 போன்ற, நிரல் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர். கேட் தேர்விலோ கணினித் திரையில் தெரியும் கால்குலேட்டர்தான். கையில் எதையும் கொண்டுபோக முடியாது. நம் ஊரில் கிராஃபிங் கால்குலேட்டர் தேவைப்படுபவர்கள் ஐபி பாடத்திட்டப் பள்ளிப் பிள்ளைகள், கேம்பிரிட்ஜின் ஒரு குறிப்பிட்ட கணிதப் பாடத்தை எடுத்தவர்கள், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள். சிங்கப்பூரில் ஏ-லெவல் எச்2 கணிதம் எடுக்கும் மாணவருக்கோ இது பாடப்புத்தகம் போலக் கட்டாயம். அமெரிக்காவில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் அநேகமாக ஒன்று இருக்கும்.

இந்தக் கருவிகளின் வரலாற்றை ஓரளவு தெரிந்துகொண்டால் இன்றைய சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். விற்பனைக்கு வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டர் 1985-இல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி. அதன் திரை 96-க்கு 64 புள்ளிகள். நிரல் எழுத 422 பைட் நினைவகம். இரண்டே ஆண்டில், 1987-இல், ஹெச்பி-28சி வந்தது. எண்களோடு குறியீடுகளையும் அப்படியே வைத்து இயற்கணிதம் செய்த முதல் கைக்கருவி அது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (இனி டிஐ) இந்தத் துறைக்குள் வந்தது 1990-இல், டிஐ-81 மூலம். பிந்தி வந்தாலும் வகுப்பறையைப் பிடித்துக்கொண்டது டிஐதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் பெர்ட் வெய்ட்ஸும் ஃபிராங்க்ளின் டெமானாவும் ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிகள் அந்த வெற்றிக்குப் பெரும் துணை. ஆசிரியர் எந்தக் கருவியில் பழகினாரோ அதையே மாணவரும் வாங்கினார். பாடப்புத்தகத்திலும் அதன் பொத்தான்களே படமாக அச்சாயின. 1995-இல் அமெரிக்காவின் ஏபி கால்குலஸ் தேர்வு கிராஃபிங் கால்குலேட்டரைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு இது பரீட்சைப் பொருள் ஆகிவிட்டது.

அதே 1995-இல் டிஐ-92 வந்தது. ஹவாயில் சாஃப்ட் வேர்ஹவுஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டேவிட் ஸ்டவுட்மயரும் ஆல்பர்ட் ரிச்சும் உருவாக்கிய டிரைவ் என்ற மென்பொருளின் வழியில் அதன் இயற்கணிதப் பகுதி எழுதப்பட்டது. ‘எக்ஸ் வர்க்கம் கழித்தல் 2 சமம் பூஜ்யம்’ என்று கொடுத்தால் சாதாரண கிராஃபிங் கால்குலேட்டர் 1.414213562 என்று சொல்லும். டிஐ-92 கூட்டல் கழித்தல் 2-இன் வர்க்கமூலம் என்று எழுதிக் காட்டும். காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும், எல்லை காணும். இந்தத் திறனைத்தான் சி.ஏ.எஸ். என்கிறார்கள். ஒரு கால்குலேட்டர் உயர்ரகமா இல்லையா என்று பிரிக்கும் முக்கியமான கோடு இதுதான். தேர்வு வாரியங்கள் கதவைச் சாத்துவதும் இதே கோட்டில்தான்.

அந்தக் கதவுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பணத்தை வீணாக்கும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. அமெரிக்காவின் ஏசிடி தேர்வில் சி.ஏ.எஸ். உள்ள எதுவும் கூடாது. ஹெச்பி பிரைம், டிஐ-என்ஸ்பயரின் சி.ஏ.எஸ். வகைகள், கேசியோ கிளாஸ்பேட் எல்லாம் தடைப் பட்டியலில் உள்ளன. எஸ்ஏடி தேர்வு நெடுங்காலம் இவற்றை அனுமதித்தது. 2025-இல் அதுவும் சி.ஏ.எஸ்.ஸுக்குத் தடை போட்டது. எஸ்ஏடி முழுக்கக் கணினிக்கு மாறிய பிறகு தேர்வுத் திரையிலேயே டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருப்பதால், அந்தத் தேர்வுக்காக மட்டும் ஒன்றை வாங்க வேண்டிய அவசியமே இன்று இல்லை. ஏபி கால்குலஸில் நிலைமை வேறு. அங்கே சி.ஏ.எஸ். தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் தேர்வு எதிர்பார்ப்பது நான்கே திறன்கள்: விரும்பிய சாளரத்தில் வரைபடம் வரைவது, சமன்பாட்டின் மூலங்களைக் காண்பது, ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பைக் காண்பது, வரையறுத்த தொகையீட்டின் மதிப்பைக் காண்பது. மற்றதற்கெல்லாம் படிகளைக் கையால் எழுதிக் காட்டியாக வேண்டும்.

ஐபியில் சி.ஏ.எஸ். வசதியைப் பயன்படுத்த முடியாது. அதன் இரண்டு கணிதப் பிரிவுகளில் ‘அனாலிசிஸ்’ பிரிவின் முதல் தாளுக்குக் கால்குலேட்டரே கிடையாது. ‘அப்ளிகேஷன்ஸ்’ பிரிவில் எல்லாத் தாள்களுக்கும் கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும். இரண்டாவது பிரிவை எடுத்த பிள்ளை நாள் முழுக்க இந்தக் கருவியோடுதான் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் திரையும் பொத்தானும் நன்றாக இருப்பது முக்கியம். சிங்கப்பூரில் அனுமதிப் பட்டியல் உண்டு, அதிலும் சி.ஏ.எஸ். இல்லை, தேர்வுக்கு முன் நினைவகத்தைத் துடைத்தாக வேண்டும். கேம்பிரிட்ஜ் பாடங்களில்தான் பெற்றோர் அதிகம் குழம்புவார்கள். 0607 என்ற எண்ணுள்ள ஐஜிசிஎஸ்இ சர்வதேசக் கணிதத்துக்கு வரைபடம் வரையும் கால்குலேட்டர் தேவை. அதே வாரியத்தின் ஏ-லெவல் கணிதமான 9709-இல் வரைபடம் வரையும் கால்குலேட்டரே கூடாது. பத்தாம் வகுப்பில் வாங்கியதைப் பன்னிரண்டாம் வகுப்பில் அலமாரியில் வைக்க வேண்டியதுதான். பள்ளியின் பெயரைக் கேட்டு வாங்காமல், பாடத்தின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். இன்று ஒப்பிடத் தகுந்தவை ஆறு. டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50, பிரெஞ்சு நிறுவனமான நம்ஒர்க்ஸ் 2017-இல் கொண்டுவந்த கால்குலேட்டர் ஆகிய மூன்றும் சி.ஏ.எஸ். இல்லாதவை. டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ்-2 சி.ஏ.எஸ்., ஹெச்பி பிரைம், கேசியோவின் கிளாஸ்பேட்-2 ஆகியவை மேல்தட்டு.

விளம்பரங்கள் திரையின் நிறங்களையும் செயலியின் வேகத்தையும் பேசும். வேகம் ஓரளவு முக்கியம்தான். 2004-இல் வந்த பழைய டிஐ-84 பிளஸ், 1976-இல் பிறந்த இசட்80 சில்லுவை 15 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறது. வரைபடம் இடமிருந்து வலமாக ஊர்ந்து வருவதை உட்கார்ந்து பார்க்கலாம். ஹெச்பி பிரைமின் 2018 பதிப்பான ஜி2-வில் 528 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம்; விரலால் இழுக்க இழுக்க வரைபடம் கூடவே நகரும். ஆனால் வேகமாக வரையப்படும் கோடு சரியான கோடா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. கடையில் நின்றபடியே அதைச் சோதித்துவிடலாம்.

டிஐ-84 பிளஸ் சிஇ-யை ரேடியனில் வைத்து, சாளரத்தை ‘இசட்-டெசிமல்’ அளவுக்கு மாற்றுங்கள். எக்ஸ் அச்சு கழித்தல் 6.6 முதல் 6.6 வரை விரியும். இப்போது ‘சைன், அடைப்புக்குள் 20 பெருக்கல் பை பெருக்கல் எக்ஸ்’ என்ற சார்பை வரையச் சொல்லுங்கள். ஓர் அலகுக்குப் பத்து முறை ஏறி இறங்க வேண்டிய அலை அது. திரையில் வருவது எக்ஸ் அச்சோடு ஒட்டிப் படுத்த ஒரு நேர்கோடு. இயந்திரம் கெட்டுப்போகவில்லை. திரையில் 265 நெடுவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிட்டுப் புள்ளிகளை இணைப்பதே அதன் வேலை. அடுத்தடுத்த நெடுவரிசைகளுக்கு இடையே 0.05 இடைவெளி, அந்தப் படிகளில் இந்த அலை எப்போதும் பூஜ்யத்தைத்தான் கடக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று இயந்திரம் பார்க்கவே இல்லை. தொலைத்தொடுகோடு உள்ள சார்புகளிலும் இதே காரணத்தால்தான் சில கருவிகள் இல்லாத செங்குத்துக் கோட்டை வரைந்துவிடுகின்றன. ஹெச்பி பிரைமில் வரையும் முறையையே தேர்ந்தெடுக்கலாம்: சார்பு வேகமாக மாறும் இடத்தில் அதிகப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று, சம இடைவெளியில் புள்ளிகளை மட்டும் வைக்கும் முறை ஒன்று. மாணவருக்கு இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதே ஒரு நல்ல கணித வகுப்பு.

இரண்டாவது சோதனை வகைக்கெழு. டிஐ-84 வகையின் எண் வகையிடல் கட்டளை, கேட்ட புள்ளிக்கு இருபுறமும் 0.001 தள்ளி இரண்டு மதிப்புகளை எடுத்து அவற்றுக்கு இடையிலான சாய்வைச் சொல்கிறது. எக்ஸின் மட்டு மதிப்புக்குப் பூஜ்யத்தில் வகைக்கெழு கிடையாது என்று பதினோராம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம். கருவியோ ‘0’ என்று விடை தரும். இருபுறமும் சமச்சீராக எடுத்தால் அப்படித்தான் வரும். எக்ஸ் கனத்துக்குப் பூஜ்யத்தில் கேட்டால் விடை 0 வர வேண்டும். வருவது பத்து லட்சத்தில் ஒன்று, அதாவது 0.001-இன் வர்க்கம். சி.ஏ.எஸ். இயந்திரங்கள் முதலில் சார்பைக் குறியீட்டளவில் வகையிட்டு, 3 எக்ஸ் வர்க்கம் என்று கண்டுபிடித்து, பிறகு பூஜ்யத்தைப் போடும். இந்தப் பிழை அங்கே எழாது. நான் சி.ஏ.எஸ். கருவிகளை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். தோராயம் எது, துல்லியம் எது என்று மாணவர் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடிகிறது.

எண்களை உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஐ-84 போன்றவை பதின்ம இலக்கங்களாகவே கணக்கிடுகின்றன. உள்ளே 14 இலக்கம், திரையில் 10. ஹெச்பி பிரைமின் எண் பக்கம் 12 இலக்கம். பள்ளிக்கும் பெரும்பாலான பொறியியல் வேலைக்கும் எதுவும் போதும்.

மேல்தட்டு மூன்றில் எது என்பதற்கு எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிளாஸ்பேட்-2-இன் நீண்ட திரையில் சமன்பாட்டை எழுதுகோலால் இழுத்து வரைபடத்தில் போடலாம். நான்கு சிறிய பேட்டரியில் ஓடுகிறது. ஆனால் 2013-இல் வந்த அதன் தொடுதிரை அழுத்தினால்தான் உணர்கிறது. இன்றைய விரல்களுக்கு அது பிடிவாதமாகத் தோன்றும். டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ்-2 சி.ஏ.எஸ். ஓர் ஆவணம் போல இயங்குகிறது: ஒரு பக்கத்தில் வரைபடம், அடுத்ததில் அட்டவணை, அதற்கடுத்ததில் வடிவியல், மூன்றிலும் ஒரே மாறி. ஒரு பக்கத்தில் புள்ளியை நகர்த்தினால் மற்றதில் எண் மாறும். ஒரு கருத்தை மெதுவாக ஆராய்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கைக்கருவியில் இல்லை. சட்டென்று 37 பெருக்கல் 48 போட நினைப்பவருக்கு மட்டும் அந்த ஆவண வேலை எரிச்சல் தரும். எழுத்துப் பொத்தான்களும் மிகச் சிறியவை.

ஹெச்பி பிரைமில் ஓடும் இயற்கணிதம் பிரான்சின் கிரெனோபிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார் பாரிஸ் எழுதிய ஜியாக். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் அதே மென்பொருள். கடினமான தொகையீடுகளையும் பெரிய அணிகளையும் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. எண்களுக்கு ஒரு பக்கம், குறியீடுகளுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு உலகங்களாக அது பிரிந்திருப்பது முதல் வாரத்தில் குழப்பும். பழகிவிட்டால் அந்தப் பிரிவினையே தெளிவைத் தரும். மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் பிரைமை வைத்துக்கொள்வேன்.

ஹெச்பி என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் தலைகீழ் உள்ளீட்டு முறை. போலந்துத் தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச் 1920-களில் அடைப்புக்குறியே இல்லாமல் எழுத ஒரு முறையை வகுத்தார். அதைத் திருப்பிப் போட்டு, 1972-இல் வந்த ஹெச்பி-35-இல் பயன்படுத்தினார்கள். முதலில் 3, பிறகு 4, கடைசியில் கூட்டல். இடைவிடை ஒவ்வொன்றும் அடுக்கில் கண்முன் நிற்கும். நீண்ட கணக்கில் எங்கே பிசகியது என்று உடனே தெரியும். நில அளவையாளர்கள் ஹெச்பி-48 ஜிஎக்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இந்த முறையும், அதன் உறுதியான பொத்தான்களும் காரணம். பிரைமில் எண் பக்கத்தில் மட்டும் இந்த முறை உண்டு. முழுக்க அடுக்கிலேயே வாழ விரும்புகிறவர்கள் இன்னும் பழைய ஹெச்பி 50ஜி-யைத்தான் தேடுகிறார்கள்.

நிரல் எழுத பைத்தான் இப்போது இவற்றில் பெரும்பாலானவற்றில் வந்துவிட்டது. அதைப் பார்த்து வாங்கத் தேவையில்லை. பைத்தான் கற்கக் கணினியே மேல். கருவி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு காலத்தில் மாணவர்கள் டிஐ கால்குலேட்டரில் இயந்திர மொழியில் விளையாட்டு எழுதித்தான் கணினி கற்றார்கள். 2020-இல் டிஐ, தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி சிஇ-யின் புதிய மென்பொருளில் அந்த வழியை அடைத்தது. மூல நிரலை வெளியிட்டுப் பெயர் வாங்கிய நம்ஒர்க்ஸும் 2021-க்குப் பிறகு, மாற்றிய மென்பொருள் தேர்வுப் பயன்முறையில் ஓடாதபடி பூட்டிவிட்டது. தேர்வு வாரியங்களின் கவலை நியாயமானது. ஆனாலும் ஒரு பிள்ளை தன் கைக்கருவியைத் திறந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பு சுருங்கியதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கைபேசியில் டெஸ்மாஸும் ஜியோஜீப்ராவும் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கற்பதற்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம். மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா, வடிவியலில் எந்தக் கைக்கருவியையும்விடச் சிறந்தது. கைக்கருவிக்கு நியாயம் இரண்டு இடங்களில்தான்: கைபேசி நுழையாத தேர்வு அறையில், கவனம் சிதறாமல் பல மணி நேரம் கணக்குப் போடும் மேசையில். கருவி பிள்ளையின் கைக்கணக்கைக் கெடுக்குமோ என்ற பயத்துக்கும் ஆய்வு வழியாக ஒரு பதில் உண்டு. 2003-இல் எய்மி எலிங்டன் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். கற்பித்தலிலும் தேர்விலும் கால்குலேட்டர் இருந்த இடங்களில் மாணவர்களின் கணக்குத் திறன் மேம்பட்டிருந்தது. கற்பிக்கும்போது ஒன்று, தேர்வில் வேறொன்று என்று இருந்த இடங்களில் அந்த அளவு பலன் இல்லை. தேர்வில் கொண்டுபோகும் அதே கருவியில் வருடம் முழுக்கப் பழக வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள். தேர்வுக்கு முந்தைய மாதம் புதிதாக ஒன்றை வாங்கித் தருவது பிள்ளைக்குச் சுமை.

ஐபி, சிங்கப்பூர் எச்2, ஏசிடி எழுதும் பிள்ளைக்கு, வகுப்பாசிரியர் டிஐ-யில் நடத்துகிறார் என்றால் டிஐ-84 பிளஸ் சிஇ-யே வாங்குங்கள்; அதிக விலை கொடுக்கிறோம் என்ற உணர்வு இருக்கும், ஆனால் வகுப்பில் பின்தங்காமல் இருப்பதற்கான விலை அது. ஆசிரியர் எதையும் வற்புறுத்தவில்லை என்றால் எஃப்எக்ஸ்-சிஜி50 குறைந்த விலையில் முப்பரிமாண வரைபடம்வரை தருகிறது; சாதாரண பேட்டரியில் ஓடுவதால் பத்து வருடம் கழித்தும் பேட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. தானாகவே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, தேர்வு அனுமதிப் பட்டியலில் இருந்தால், நம்ஒர்க்ஸ். அதன் பட்டியல்கள் கையேடு இல்லாமலே புரிகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியலோ இயற்பியலோ படிக்கப் போகிறவர், ஏபி கால்குலஸை மட்டும் கணக்கில் வைத்திருப்பவர் ஆகியோருக்குப் பிரைம் ஜி2 அல்லது என்ஸ்பயர் சிஎக்ஸ்-2 சி.ஏ.எஸ். அங்கும் முதலாண்டுக் கணிதத் துறைகள் பல, தேர்வில் எந்தக் கால்குலேட்டரையும் விடுவதில்லை; பாடத்திட்டத் தாளைப் படித்துவிட்டு வாங்கலாம். அமெரிக்கப் பொறியாளர் உரிமத்துக்கான எஃப்ஈ தேர்வு எழுதுபவருக்கு இவற்றில் எதுவும் உதவாது. அங்கே அனுமதிக்கப்பட்ட சில சயின்டிஃபிக் வகைகள் மட்டும்தான்.

பழைய கருவி வாங்குபவர்கள் சில விஷயங்களைக் கையோடு பார்த்துவிட வேண்டும். ஹெச்பி பிரைம் என்றால் உதவிப் பக்கத்தில் உள்ள ‘அபவுட்’ திரையில் வன்பொருள் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்; 2013-இன் முதல் பதிப்பில் 32 மெகாபைட் நினைவகமே உண்டு, வெளியே பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலிருக்கும். என்ஸ்பயர் என்றால் முகப்பில் ‘சி.ஏ.எஸ்.’ என்று அச்சிட்டிருக்கிறதா, இல்லையா என்று பாருங்கள். உங்கள் தேர்வைப் பொறுத்து அந்த மூன்றெழுத்து வேண்டியதாகவும் இருக்கலாம், வேண்டாததாகவும் இருக்கலாம். உள்ளே பொருத்திய லித்தியம் பேட்டரி உள்ள எதையும் வாங்கும் முன் ஒரு முறை முழுக்க ஏற்றி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும் கருவியை எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.